விறகுத் தொட்டிக்கு மெஷின் வாங்கிய கதை

மெஷின் வாங்குவது பற்றி யோசனை கேட்டு வருகிறவர்களை இப்போதெல்லாம் நான் உட்காரக்கூடச் சொல்வதில்லை. போன வாரம் இசக்கிமுத்து வந்தான். எங்கள் ஊர்க்காரன், ஆதம்பாக்கத்தில் புதிதாக விறகுத் தொட்டி வைத்திருக்கிறான். விறகு பிளக்க ஒரு என்ஜின் மெஷின் வாங்கப் போகிறானாம். "நீங்க வச்சிருந்தியளாமே அண்ணாச்சி, எதை நம்பி வாங்கலாம்?" என்று கேட்டான்.

"நம்பித்தாம்ல வாங்குனேன், போ" என்று கத்தி அனுப்பிவிட்டேன். முகம் சுண்டிப்போய் எழுந்து போனான். பாவம், அவன் என்ன செய்வான்? அன்றிலிருந்து எனக்கும் சோறு இறங்கவில்லை. அவனிடம் சொல்லாததை இங்கே எழுதிவைக்கிறேன். எது நல்ல மெஷின் என்று எனக்கு நன்றாகவே தெரியும். நல்ல மெஷினைத்தான் தேடிப் பிடித்து வாங்கினேன். அதை ஓட்டிய ஆரோக்கியநாதனைப் பற்றித்தான் சொல்ல வேண்டும்.

நான் சண்முகவேல். சாத்தான்குளத்துப் பக்கம் ஒரு கிராமம். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தைந்தில் மயிலாப்பூருக்கு வந்து, கால்வாய் ஓரமாக இந்த விறகுத் தொட்டியைப் போட்டேன். அப்போது சவுக்குக் கட்டை படகில் வரும். இப்போது லாரியில் வருகிறது. கட்டையை வாங்கி அடுக்கி, பிளந்து, எடை போட்டு வீடுகளுக்கு அனுப்புவதுதான் தொழில். கட்டையைப் பிளக்காமல் அனுப்பினால் எந்த வீட்டு அம்மாவும் வாங்க மாட்டாள். அடுப்பு வாய்க்குத் தகுந்தபடி வேண்டும், புகையக் கூடாது, சிம்பு கையில் ஏறக் கூடாது. ஆகவே விறகுத் தொட்டியின் பெயர் அதைப் பிளக்கிறவன் கையில் இருக்கிறது. என் தொட்டியின் பெயர் பதினேழு வருஷம் ஆரோக்கியநாதன் கையில் இருந்தது.

சாந்தோம் பக்கத்துக்காரன். மாதா கோயில் பங்கைச் சேர்ந்த குடும்பம். அவனுடைய அண்ணன் வாத்தியார், சித்தப்பா சாமியாருக்குப் பூசையில் உதவும் கோயில் பிள்ளை. இவனுக்கு மட்டும் படிப்பு ஏறவில்லை. ஐம்பத்தெட்டில் ஒரு நாள் கோடாலியைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து, "வேலை கீதா?" என்று கேட்டான். ஒரு புளியங்கட்டையைக் காட்டினேன். அதைச் சுற்றி ஒரு முறை நடந்து பார்த்தான். கணு எங்கே இருக்கிறது என்று விரலால் தடவினான். பிறகு இடது காலைத் தூக்கிக் கட்டையின் மேல் வைத்து, ஒரே போடு. கட்டை இரண்டாய்க் கிடந்தது.

அந்த இடது காலைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். சவுக்கோ, புளியோ, வேம்போ, எந்தக் கட்டையானாலும் அவன் வெறுங்காலால் அதை அமுக்கிப் பிடித்துக்கொள்வான். கட்டை ஆடுகிறதா, உருளப் பார்க்கிறதா, எந்தப் பக்கம் சாயும் என்பதெல்லாம் உள்ளங்காலுக்குத் தெரிந்துவிடும். கோடாலி கால் கட்டைவிரலுக்கு ஒரு அங்குலம் தள்ளி இறங்கும். பதினேழு வருஷத்தில் ஒரு கீறல் கிடையாது. விறகு வாங்க வரும் பெண்கள் கண்ணை மூடிக்கொள்வார்கள். மாட வீதியிலிருந்து வரும் கல்யாணராமன் சார் ஒரு தடவை பொறுக்க மாட்டாமல், "ஏண்டாப்பா, காலை எடுத்துண்டு வெட்டப்படாதோ? பாக்கறச்சே நேக்கு வயத்தக் கலக்கறது" என்றார்.

"கால எட்த்தா கட்ட கோச்சிக்கும் சாமி" என்றான் ஆரோக்கியநாதன். அத்தனை பேரும் சிரித்தோம். நானும்தான் சிரித்தேன்.

அவனுடைய மனைவி மர்சலின். கன்னியாஸ்திரீகள் நடத்தும் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆயா வேலை. ஒரே மகள் ஃப்ளோரன்ஸ். அந்தப் பெண் டீச்சர் டிரெய்னிங் படித்துக்கொண்டிருந்தது. குடும்பத்தில் எல்லோரும் படித்தவர்கள், தான் ஒருவன்தான் கோடாலி தூக்குகிறவன் என்ற குறை ஆரோக்கியநாதனுக்கு உண்டு. வாய்விட்டுச் சொல்ல மாட்டான். "என் பொண்ணு சாக்பீஸ் புடிக்கும் அண்ணாச்சி" என்று மட்டும் வாரத்துக்கு ஒரு தடவை சொல்லுவான். முதல் தடவை சொல்வது போலவே சொல்லுவான். எனக்கு எரிச்சலாகக்கூட இருக்கும்.

எழுபத்து நாலு ஐப்பசி மழையில் அவனுடைய வலது தோள் மக்கர் செய்ய ஆரம்பித்தது. முதலில் எண்ணெய் தேய்த்தான். பிறகு கட்டுப் போட்டான். ஒரு நாள் பார்க்கிறேன், கோடாலி காதுக்கு மேலே ஏறவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி தூக்குகிறான். ஏறவில்லை. என்னைப் பார்த்துவிட்டு, கோடாலியின் வாயைத் துடைக்கிறவன் போலக் கீழே குனிந்துகொண்டான். 

டாக்டர் இனிமேல் கோடாலியைத் தொடவே கூடாது என்று சொல்லிவிட்டார். மர்சலின் தொட்டிக்கு வந்தாள். எப்போதும் முகத்துக்கு நேரே பேசுகிற பெண் அன்று தராசைப் பார்த்துக்கொண்டு பேசினாள்.

"அண்ணாச்சி, வேற ஆள பாத்துட்டீங்களா?"

"யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. கேட்டேன். ஃப்ளோரன்ஸ் முடிக்க இன்னும் ஒரு வருசம் கீது. அதுக்குத்தான் கேட்டேன்."

வேறு ஆள் வைப்பதாக இல்லை என்று சொல்லி அனுப்பினேன். சொல்லிவிட்டேனே தவிர, பிளக்க ஆள் இல்லாமல் தொட்டி எப்படி நடக்கும்? வாசலில் உட்கார்ந்து வண்டிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையை ஆரோக்கியநாதனுக்குக் கொடுத்துப் பார்த்தேன். இரண்டு நாள் உட்கார்ந்தான். மூன்றாம் நாள் எழுந்து வந்து, "சும்மா குந்திக்கினு துன்றதுக்கு நான் இன்னா கோயில் மாடா அண்ணாச்சி? வேலை குடு. இல்லாட்டி போவ சொல்லு" என்றான். பதினேழு வருஷத்தில் அன்றுதான் என்னை ஒருமையில் பேசினான். எனக்குக் கோபம் வரவில்லை.

அப்போதுதான் மெஷின் யோசனை வந்தது. கோடாலி தூக்க முடியாதவன் கைப்பிடி அழுத்தலாம் அல்லவா? அவனுடைய வேலை போகாமல் இருக்க வேண்டும், அவனுடைய உடம்பும் கெடாமல் இருக்க வேண்டும். இதற்காகத்தான் மெஷின். லாபத்துக்காக வாங்கினேன் என்று பேசுகிற வாய்களும் இந்தத் தெருவில் உண்டு. பேசட்டும்.

ராயப்பேட்டையில் மார்க்கெட்டுக்குப் பின்னால் மெஹபூப் அலி என்ற மெக்கானிக் இருந்தார். மலைத் தோட்டங்களில் டீ பாக்டரிகள் ஏலம் விடும் பழைய மெஷின்களை வாங்கி வந்து, பிரித்துப் போட்டுப் புதுசாக்கி விற்பார். நிதானமான மனிதர். விற்கிறவனுக்கு உள்ள அவசரம் அவரிடம் கிடையாது. விறகு பிளக்கும் மெஷின் மூன்று தினுசு வந்திருப்பதாகச் சொல்லி அனுப்பினார்.

போகும் நாளுக்கு முந்தின நாள் ஆரோக்கியநாதனிடம், "நாளைக்கு இந்த அழுக்கு நிக்கரோட வந்து நிக்காதேயும். பெரிய பெரிய கம்பெனிக்காரன் வார இடம். சட்டை போட்டு, பூட்ஸ் மாட்டி மனுசனா வாரும்" என்றேன். மாதா கோயில் திருவிழாவுக்கு மட்டும் போடும் கறுப்பு பூட்ஸ் ஒரு ஜோடி அவனிடம் உண்டு. அதைத் தேங்காய் எண்ணெய் போட்டுத் துடைத்து மாட்டிக்கொண்டு வந்தான். பஸ்ஸில் போகும்போது காலைத் தூக்கித் தூக்கிப் பார்த்துக்கொண்டான்.

முதல் மெஷினில் திருகாணி போன்ற ஒரு பெரிய இரும்புக் கூம்பு. என்ஜின் அதைச் சுற்றும். கட்டையைக் காட்டினால் உள்ளே திருகிக்கொண்டு போய்ப் பிளக்கும். வேலை மளமளவென்று நடந்தது. மெஹபூப் அலியே தலையை ஆட்டினார். "இது உங்களுக்கு வேணாம் அண்ணாச்சி. வேட்டி நுனி மாட்டுனா ஆளையே இழுத்துக்கும்."

இரண்டாவதில் பெரிய சக்கரம். அது சுற்றச் சுற்ற ஆப்பு மேலும் கீழும் போய்க்கொண்டே இருக்கும். நிற்காது. அது இறங்கி ஏறும் இடைவெளியில் கட்டையை வைத்து எடுக்க வேண்டும். எனக்குப் பார்த்ததுமே வியர்த்துவிட்டது. கட்டை வைக்கிற கைக்கும் கட்டைக்கும் அதற்கு வித்தியாசம் தெரியாது.

மூன்றாவதுதான் அது. ஆள் உயரம். அடியில் ஒரு ஜாண் உயரத்தில் இரும்புத் தட்டு, அதன் மேல் கட்டையை நிறுத்த வேண்டும். மேலேயிருந்து எண்ணெய் அழுத்தத்தில் ஆப்பு நிதானமாக இறங்கும். பெட்ரோலில் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓட்டும் என்ஜின். இரண்டு பக்கமும் இரண்டு கைப்பிடி. இரண்டையும் ஒரே நேரத்தில் அழுத்திப் பிடித்தால்தான் ஆப்பு இறங்கும். கைப்பிடியோடு சேர்ந்த இரண்டு இரும்புக் கரங்கள் கட்டையை இருபுறமும் பிடித்துக்கொள்ளும். ஒரு கையை எடுத்தாலும் ஆப்பு அந்த இடத்திலேயே நின்றுவிடும்.

"ரெண்டு கைக்கும் வேலை குடுத்துட்டான் பாருங்க. ஆப்புக்குக் கீழ வைக்க மூணாவது கை யாருக்கு இருக்கு?" என்றார் மெஹபூப் அலி.

நான் லேசில் விடுகிறவன் இல்லை. எண்ணெய் ஒழுகுமா, வாஷர் போனால் இங்கே கிடைக்குமா, மழை நாளில் கயிற்றை எத்தனை தடவை இழுத்தால் என்ஜின் கிளம்பும், சூடானால் நிற்குமா என்று அவரைப் பிடுங்கி எடுத்தேன். ஒரு மணி நேரம் ஓடவிட்டுப் பார்த்தேன். அடியில் காகிதம் விரித்து, எண்ணெய்ச் சொட்டு விழுகிறதா என்று குனிந்து பார்த்தேன். கடைசியில் மார்க்கெட்டுக்குப் போய் ஒரு வாழைத்தண்டு வாங்கி வந்தேன். அதைக் கை மாதிரி ஆப்புக்குக் கீழே நீட்டி வைத்து, ஆரோக்கியநாதனை அழுத்தச் சொல்லி, ஆப்பு தண்டைத் தொடும்போது "விடும்" என்றேன். விட்டான். தண்டில் நகக்கீறல் அளவுக்குத்தான் தடம் விழுந்திருந்தது. பத்துத் தடவை செய்தோம். பத்துத் தடவையும் நின்றது. எனக்கு அந்த மெஷினைக் கட்டிப் பிடிக்கலாம் போல இருந்தது.

பிறகு ஆரோக்கியநாதன் சவுக்கில் நாலும் புளியில் இரண்டுமாகப் பிளந்தான். பூட்ஸ் போட்ட கால் இரண்டும் அடித்து வைத்த முளை மாதிரி தரையிலேயே நின்றன. தோள் வலிக்கிறதா என்று கேட்டேன். "இத்த எங்க அம்மாகூட ஓட்டும் அண்ணாச்சி" என்று சிரித்தான்.

மெஹபூப் அலி பில் எழுதும்போது தலை நிமிராமல் ஒன்று சொன்னார். "இவுரு எப்பவும் பூட்ஸ் போட்டுக்கினுதான் வேலை செய்யணும். கட்டை உருண்டு விழும். மறந்துடாதீங்க."

சரி என்றேன். காதில் வாங்கினேன். மறக்கவும் இல்லை. அதனால்தான் இன்று வரை தூக்கம் கெட்டுக் கிடக்கிறேன்.

தை மாதம் மெஷின் வந்தது. தொட்டியின் பின்பக்கம் கீற்றுக் கொட்டகை போட்டு, சிமெண்டுத் தளத்தில் நாலு போல்ட் இறக்கி நிறுத்தினோம். ஒரு வெள்ளிக்கிழமை என் மனைவி முத்துலட்சுமி பூஜைக்கு எல்லாம் எடுத்து வந்தாள். மெஷினுக்குச் சந்தனம், குங்குமம் வைத்தாள். இரண்டு கைப்பிடியிலும் கதம்பம் சுற்றினாள். அடியில் எலுமிச்சம்பழம் வைத்தோம். மர்சலின் கோயிலிலிருந்து ஒரு சின்னப் பாட்டிலில் தீர்த்தம் கொண்டுவந்து, சந்தனம் அழியாமல் ஓரமாகத் தெளித்தாள். தேங்காய் உடைத்தேன். சூடம் காட்டினேன். தேங்காய் நேராக உடைந்ததில் எல்லோருக்கும் சந்தோஷம்.

அந்த நேரம் டீ குடித்துவிட்டு ஆரோக்கியநாதன் உள்ளே வந்தான். காலில் அந்தக் கறுப்பு பூட்ஸ். எனக்குச் சுருக்கென்றது.

"என்ன வே இது! பூஜை போட்ட மெஷினு முன்னால செருப்புக் காலோடயா வந்து நிப்பீரு? கழட்டும்."

"போட்டுக்கினு செய்யணும்னு அந்த பாய் சொன்னாரே அண்ணாச்சி."

"அது அவரு கடையில. அங்க அது இரும்பு. இங்க பூஜை போட்டாச்சு, இதுதான் உமக்கும் எனக்கும் சோறு போடப்போவுது. கழட்டும்."

அவன் வெளியே போய், பூட்ஸைக் கழற்றி, இரண்டையும் சேர்த்துக் கொட்டகை வாசலில் வைத்தான். உள்ளே வந்து, கைப்பிடியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டான். வெறுங்காலோடு நின்று முதல் கட்டையைப் பிளந்தான். எல்லோரும் கை தட்டினோம்.

அன்றிலிருந்து அது வழக்கமாகிவிட்டது. காலையில் பூட்ஸோடு வருவான், பாய் பேச்சுக்கு மரியாதையாக. கொட்டகை வாசலில் கழற்றி வைப்பான், என் பேச்சுக்கு மரியாதையாக. இரண்டு பேர் பேச்சையும் தட்டாத மனிதன்.

இரண்டு மாதம் எங்கள் தொட்டியில் சந்தோஷமாகத்தான் போயிற்று. அதையும் மறைக்கக் கூடாது. அவனுடைய தோள் நன்றாகத் தேறியது. மெஷினுக்கு 'நைனா' என்று பெயர் வைத்து, "நைனா இன்னிக்கி மூடு சரியில்ல, கொஞ்சம் சூடு பண்ணணும்" என்று பேசிக்கொண்டிருப்பான். ஒரு நாள் ஃப்ளோரன்ஸ் வந்து பார்த்தாள். அப்பா மெஷின் ஓட்டுவதைக் கொட்டகை வாசலில் நின்று பார்த்தவள், போகும்போது அங்கே கழற்றி வைத்திருந்த அவனுடைய பூட்ஸை எடுத்து, தூசி தட்டி, வெயில் படாத இடமாகப் பார்த்து வைத்துவிட்டுப் போனாள். அன்று முழுதும் அவன் அந்த பூட்ஸைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

நான் ஒன்றைப் பார்த்தேன். அதையும் சொல்லிவிடுகிறேன். மாசிக் கடைசியில் ஒரு வேப்பங்கட்டை தட்டில் லேசாக ஆடியது. அவனுடைய இடது கால் தரையை விட்டு நாலு விரல் எழும்பி, மறுபடி இறங்கியது. ஒரு நொடிதான். பழைய பழக்கம், போகப் போகச் சரியாகிவிடும் என்று நினைத்தேன். வாழைத்தண்டு வைத்துச் சோதித்த மகா புத்திசாலி நான், வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. அப்போது கல்யாணராமன் சார் வந்து நின்றார். அவர் வீட்டுக்குக் கேஸ் அடுப்பு வந்துவிட்டதாம். "ஆத்துல இனிமே வெந்நீர் அடுப்புக்கு மட்டுந்தான் விறகு சண்முகவேல்" என்றார். ஒரு வாடிக்கை போகிறதே என்று அவரோடு பேசப் போய்விட்டேன்.

பங்குனியில் கல்யாணச் சமையலுக்கு என்று பெரிய ஆர்டர். கோட்டை அடுப்புக்குப் புளி விறகுதான் வேண்டும் என்று கேட்டார்கள். நங்கநல்லூரில் வீடு கட்ட வெட்டிய ஒரு கிழட்டுப் புளியமரத்தை வாங்கிப் போட்டிருந்தேன். அடிமரம் முழுக்க முறுக்கும் கணுவும். காலை பத்து மணி இருக்கும். நான் பத்தடி தள்ளித் தராசுப் பக்கம் நின்றிருந்தேன்.

கோணலான ஒரு கட்டையை ஆரோக்கியநாதன் தட்டில் நிறுத்தினான். இரண்டு கைப்பிடியையும் அழுத்தினான். இரும்புக் கரங்களுக்கு அந்தக் கோணல் பிடிபடவில்லை. ஆப்பு வந்து கட்டையின் தலையில் உட்கார்ந்ததும், கட்டை அடியில் நழுவ ஆரம்பித்தது. இரண்டு கையும் கைப்பிடியில் இருக்கிறது. கட்டை உருளப் பார்க்கிறது. பதினேழு வருஷமாக அதற்கு எது பதில் சொல்லிவந்ததோ, அந்த இடது கால் எழுந்து போய்க் கட்டையின் அடியை மிதித்துப் பிடித்தது. கட்டை கால் மேலேயே சாய்ந்து, காலைத் தட்டோடு சேர்த்து அமுக்கி, வெளியே விழுந்தது. நசுங்கிய கால் தட்டிலேயே கிடக்க, ஆப்பு கட்டை இருந்த இடத்துக்கு, அந்தக் காலின் மேல், நிதானமாக இறங்கியது.

மெஷின் செய்தவன், வலி வந்தால் மனிதன் கையை விட்டுவிடுவான் என்று நினைத்திருக்கிறான். ஆரோக்கியநாதன் விடவில்லை. வலி வந்தால் மனிதன் கையில் இருப்பதை இறுக்கிப் பிடிப்பான். பிரசவத்தில் கட்டில் காலைப் பிடிப்பதில்லையா, அது மாதிரி. "விடும்! வே, கையை விடும்!" என்று கத்திக்கொண்டு ஓடினேன். அவனுக்குக் காது கேட்கவில்லை. கைப்பிடியை அழுத்தியபடியே என் முகத்தைப் பார்த்தான். ஒவ்வொரு விரலாகப் பிரித்து அவனுடைய கையைக் கழற்றியவன் நான்தான். ஆப்பு அந்த இடத்திலேயே நின்றது. அந்த விஷயத்தில் மெஷின் கடைசிவரை சொன்ன சொல் தவறவில்லை.

ஆஸ்பத்திரியில் முதலில் பாதத்தோடு எடுத்தார்கள். புண் ஆறாமல் நஞ்சு ஏறி, உயிரைக் காப்பாற்ற முழங்காலுக்கு நாலு விரல் கீழே மறுபடி எடுத்தார்கள். நான் தினமும் போனேன். மர்சலின் என்னோடு பேசவில்லை. கொண்டுபோன பழத்தை வாங்கிக்கொள்வாள், அவ்வளவுதான். ஃப்ளோரன்ஸ் படிப்பை நிறுத்திவிட்டு தி. நகரில் ஒரு ஜவுளிக் கடையில் சேலை மடிக்கிற வேலைக்குப் போய்விட்டாள். இத்தனைக்கும் நான் படிப்பைப் பார்த்துக்கொள்கிறேன் என்றுதான் சொன்னேன். "வேணாங்க" என்று அந்தப் பெண் ஒரே சொல்லில் முடித்துவிட்டது.

மெஹபூப் அலி தொட்டிக்கு வந்தார். மெஷினைக் கிளப்பி, ஒவ்வொரு மூட்டாகத் தொட்டுப் பார்த்தார். "ஒரு கோளாறும் இல்ல" என்றார்.  பிறகு கொட்டகை வாசலில் சேர்த்து வைத்த பூட்ஸைப் பார்த்தார். அது அன்று வைத்த இடத்திலேயே இருந்தது.

"இது இங்கயா இருந்துச்சு?"

நான் குனிந்து அதை எடுத்துத் தூசி தட்டினேன்.  அவர் போகும்போது, "சாதாரண தோல்தானே அண்ணாச்சி, போட்டிருந்தாலும் எலும்பு போயிருக்கும்" என்றார். எனக்காகச் சொன்ன பொய். தோல் காலைக் காப்பாற்றியிருக்காதுதான். ஆனால் கால் எழும்பியிருக்காது. ஆரோக்கியநாதனே இதை ஆஸ்பத்திரியில் சொன்னான். யாரையும் குத்திச் சொல்லவில்லை, ஏதோ யோசனையில் சொன்னான்.

"பூட்ஸு போட்டா காலுக்கு ஒண்ணும் தெரியறதில்ல அண்ணாச்சி. கட்ட எங்க கீதுன்னே தெரியாது. கம்முனு கெடக்கும். வெறுங்காலா இருந்தாதான் அதுவா போவும்."

நான் அவன் கையைப் பிடித்துக்கொண்டு, "நாந்தாம் வே கழட்டச் சொன்னேன்" என்றேன்.

"சாமிக்கு முன்னால கழட்டத்தானே வோணும். அதுக்கு நீங்க இன்னா பண்ணுவீங்க" என்றான். அவன் திட்டியிருந்தால் எனக்கு உபகாரமாக இருந்திருக்கும்.

வீட்டுக்கு வந்து இரண்டு நாள் படுத்துக் கிடந்தேன். கொட்டகைப் பக்கம் போனால் என் கண்ணுக்கு மெஷின் தெரியவில்லை, அவன் முகம்தான் தெரிந்தது. மெஹபூப் அலி திரும்ப வாங்கிக்கொள்கிறேன் என்றார். விற்றால் இன்னொருவன் கால் போகும் என்று பயந்தேன். பழைய இரும்பு எடுக்கும் சேட்டு ஒருவரைக் கூப்பிட்டு, என் கண் முன்னாலேயே கேஸ் வெல்டிங்கால் துண்டு துண்டாக அறுத்து எடுத்துப் போகச் சொன்னேன். இரண்டு கைப்பிடியும் தனித்தனியாக விழுந்தன. கொஞ்சம் பாரம் குறைந்த மாதிரி இருந்தது. ஏதோ பாவத்துக்குப் பரிகாரம் செய்துவிட்டவன் போல அன்று குளித்துச் சாப்பிட்டேன். முட்டாள்.

அதற்கு அடுத்த வாரம், ஆடி மாதத்தில் ஒரு காலை வேளை, தொட்டி வாசலில் ரிக்‌ஷா வந்து நின்றது. மர்சலின் முதலில் இறங்கினாள். பிறகு கக்கத்தில் கட்டை ஊன்றி ஆரோக்கியநாதன் இறங்கினான். வெள்ளைச் சட்டை போட்டிருந்தான். ஆள் பாதியாகிவிட்டிருந்தான். வலது காலில் அந்தக் கறுப்பு பூட்ஸ், எண்ணெய் போட்டுத் துடைத்துப் பளபளவென்று இருந்தது. நான்தான் அந்த ஜோடியை அவன் வீட்டில் கொடுத்து அனுப்பியிருந்தேன்.

"வாரும், வாரும். உக்காரும்" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டேன்.

"குந்தறதுக்கு வரல அண்ணாச்சி. வேலைக்கு வந்துகீறேன்."

 மர்சலின் அன்றுதான் என் முகத்தைப் பார்த்தாள். அவள் கண்ணில் கோபம் இல்லை. ஃப்ளோரன்ஸுக்காக வந்து தராசைப் பார்த்துக்கொண்டு கேட்ட அன்றைக்கு இருந்த அதே பயம்தான் இருந்தது.

"தோளு நல்லா ஆயிட்ச்சி. கையி ரெண்டும் ஜோரா கீது பாருங்க" என்று ஒரு கையைத் தூக்கி, விரலை மடக்கி விரித்துக் காட்டினான். "ஸ்டூலு ஒண்ணு போட்டீங்கன்னா நைனாவ குந்திக்கினே ஓட்டுவேன். இன்னும் இன்னா பயம் சொல்லுங்க? அங்க வெக்கறதுக்கு இனிமே காலும் இல்ல." சொல்லிவிட்டு அவனே சிரித்தான். "ஃப்ளோரன்ஸ இந்த வருசமாச்சும் திருப்பி சேத்துடலாம்னு."

"ஆரோக்கியநாதா, கொஞ்சம் இரும்..." என்று ஆரம்பித்தேன். அவன் கேட்கவில்லை. கட்டையை ஊன்றி ஊன்றிக் கொட்டகைப் பக்கம் போய்விட்டான். பின்னாலேயே ஓடினேன். வாசல் கழியில் தோளைச் சாய்த்துக்கொண்டு, கட்டையை மர்சலின் கையில் கொடுத்தான். ஒற்றைக் காலில் நின்றபடி குனிந்து, அந்த ஒற்றை பூட்ஸைக் கழற்றினான். விழப் பார்த்தான். நான் பிடிக்கப் போனேன். வேண்டாம் என்று தலையை ஆட்டினான். கழற்றிய பூட்ஸை எப்போதும் வைக்கும் இடத்தில் வைத்தான். அப்புறம்தான் உள்ளே பார்த்தான்.

சிமெண்டுத் தளத்தில் நாலு போல்ட் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தன.

"நைனா எங்க அண்ணாச்சி? ரிப்பேருக்கு போய் கீதா?"

"வித்துட்டேன்" என்றேன். "உம்ம காலைத் தின்ன சனியன் இங்க இருக்கக் கூடாதுன்னு அறுத்து இரும்புக்குப் போட்டுட்டேன், வே."

அவன் அந்த நாலு போல்ட்டையும் ஒவ்வொன்றாகப் பார்த்தான். கோபப்படவில்லை, அழவும் இல்லை.

"அது ஒயுங்காதான அண்ணாச்சி வேலை செஞ்சிது" என்றான்.

வாசலில் உட்கார்ந்து வண்டியைப் பார்த்துக்கொள்ளும் வேலை இருக்கிறது என்று சொல்ல வாயெடுத்தேன். கோயில் மாடு என்று அவன் சொன்னது நினைவுக்கு வந்து வாயை மூடிக்கொண்டேன். மர்சலின் கீழே உட்கார்ந்து, அவனுடைய காலைத் தன் மடியில் தூக்கி வைத்து, பூட்ஸை மாட்டி முடிச்சுப் போட்டுவிட்டாள். ரிக்‌ஷாக்காரன் காத்திருந்தான்.